இறுதிக்கால மன வேதனைக்குச் சைலோசைபின் சிகிச்சை: மருத்துவரிடம் கேட்கலாமா?

ஸ்காபரோவாசி (கேள்வி):

டொராண்டோவில் எங்களுடன் வசிக்கும் என் மாமனாருக்குக் கணையப் புற்றுநோய் முற்றிவிட்டது. மார்பீன் கொடுப்பதால் வலி பெரும்பாலும் கட்டுக்குள் இருக்கிறது, அச்சம்தான் அடங்கவில்லை. இரவில் அறை விளக்கை அணைக்க விடுவதில்லை. பேரப்பிள்ளைகள் அருகில் வந்தால் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார். தூக்க மாத்திரையும் மனச்சோர்வுக்கான மாத்திரையும் கொடுத்துப் பார்த்தாயிற்று. இத்தகைய நிலையில் இருப்பவர்கள், சில வகைக் காளான்களில் உள்ள, மனப்பிரமையை உண்டாக்கும் சைலோசைபினைக் கனடாவில் மருத்துவர் மூலம் பெறலாம் என்று படித்தேன். இது உண்மைதானா, ஆய்வுகளை எவ்வளவு நம்பலாம் என்பதை விவரம் அறிந்தவர்கள் கூறுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

நெய்தல்:

உண்மைதான், ஆனால் வழி குறுகியது. 2020 ஆகஸ்டில் கனடாவின் சுகாதார அமைச்சர் புற்றுநோயாளிகள் நால்வருக்கு, இதைத் தடைசெய்யும் போதைப்பொருள் சட்டத்திலிருந்து விலக்கு அளித்தார். 2022 ஜனவரியில் விதி திருத்தப்பட்ட பிறகு, கனடாவின் மத்திய சுகாதாரத் துறையான ஹெல்த் கனடாவின் சிறப்பு அணுகல் திட்டத்தின் கீழ், அதாவது விற்பனைக்கு அனுமதிக்கப்படாத மருந்தைக் கடும் நோயாளிக்காகக் கேட்கும் வழியில், மருத்துவர் விண்ணப்பிக்கலாம். ஒவ்வொரு நோயாளிக்கும் தனித்தனியாகவே முடிவெடுப்பார்கள். வழக்கமான சிகிச்சைகள் பலனளிக்கவில்லை அல்லது பொருந்தவில்லை என்று காட்ட வேண்டியிருப்பதால், எந்த மாத்திரையை எந்த அளவில் எவ்வளவு காலம் கொடுத்தீர்கள் என்பதை இப்போதே எழுதி வையுங்கள்.

ஆய்வுகளில் முக்கியமானவை இரண்டு. இரண்டுமே 2016 டிசம்பரில் வெளிவந்தன. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ரோலண்ட் கிரிஃபித்ஸ் குழுவினர் 51 பேரிடமும், நியூயார்க் பல்கலைக்கழகக் குழுவினர் 29 பேரிடமும் ஆய்வு நடத்தினர். முன்கூட்டியே பலமுறை பேசிப் பழகிய இரு சிகிச்சையாளர்கள் பகல் முழுவதும் உடனிருக்க, நோயாளி சைலோசைபினை உட்கொண்டபின் கண்களை மூடிக் கட்டிக்கொண்டு, காதில் இசையுடன் சாய்விருக்கையில் படுத்திருப்பார். பிறகு வரும் நாட்களில், தமக்குள் நிகழ்ந்ததைப் பற்றி அவர்களிடம் பேசுவார். ஹாப்கின்ஸ் ஆய்வில் ஆறு மாதம் கழித்தும் ஏறத்தாழ 80 விழுக்காட்டினரிடம் மனச்சோர்வும் பதற்றமும் கணிசமாகக் குறைந்திருந்தன.

கறார்க்காரன்:

அந்த 80 விழுக்காட்டைச் சற்று நிதானமாகப் படிக்க வேண்டும். இரு ஆய்வுகளிலும் ஒரு குழுவுக்கு முதலில் சைலோசைபினும் மற்றொரு குழுவுக்கு ஒப்பீட்டு மருந்தும் கொடுத்து, சில வாரங்களுக்குப் பின் மாற்றிக் கொடுத்தார்கள். எல்லோருமே சைலோசைபினைப் பெற்றுவிட்டதால், ஆறாவது மாதத்தில் ஒப்பிடுவதற்கு மருந்து பெறாத குழு எதுவும் மிஞ்சவில்லை. நியூயார்க்கில் ஒப்பீட்டு மருந்தாக நியாசின் என்ற வைட்டமினைக் கொடுத்தார்கள். முகம் சிவந்து சூடேறுவதால், அதை உட்கொண்டவரும் தமக்குச் சைலோசைபின் கிடைத்ததாக எண்ணக்கூடும் என்பது கணக்கு. அது ஓரளவுக்குமேல் பலிக்காது. யாருக்கு எது போயிற்று என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும், எதிர்பார்ப்பும் முடிவில் கலந்துவிடும். பங்கேற்றவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர். இவற்றையெல்லாம் கழித்த பிறகும் மிஞ்சும் பலன் புறக்கணிக்கத்தக்கதன்று என்பதே என் கருத்து; ஆயினும் உறுதியான சிகிச்சை என்று மாமனாரிடம் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

தணிப்புச்செவிலி:

நான் நோய்தணிப்புப் பிரிவில் பணிபுரிகிறேன். முதலில் பார்க்க வேண்டியது உடல்நிலை. ஆறு மணி நேரம் வரை நீளக்கூடிய அனுபவத்தையும், அதற்கு முன்னும் பின்னுமான உரையாடல்களையும் அவரால் தாங்க முடியுமா? இரத்த அழுத்தம் ஏறும், குமட்டலும் வரலாம். தமக்கோ நெருங்கிய இரத்த உறவினருக்கோ மனச்சிதைவு நோய் இருந்தால் ஆய்வுகளில் சேர்ப்பதில்லை. மனநோய்க்குக் கொடுக்கும் லித்தியம் மருந்தை உட்கொள்பவர்களுக்கு வலிப்பு ஏற்படும் அபாயம் உண்டு. மனச்சோர்வு மாத்திரைகளில் சில இதன் விளைவை மட்டுப்படுத்தும். அதற்காக நீங்களாகவே அவற்றை நிறுத்திவிடக் கூடாது. டொராண்டோவில் கடைவிரித்து விற்பவர்களிடம் காளான் வாங்கிக் கொடுக்கும் எண்ணம் வேண்டவே வேண்டாம்.

மொழியையும் யோசியுங்கள். இந்தச் சிகிச்சையில் பாதி பேச்சுதான். ஆங்கிலம் சரளமாக வராத பெரியவர் தம் மரண பயத்தை மருமகப்பிள்ளைகளை மொழிபெயர்க்க வைத்துக்கொண்டு சொல்லமாட்டார். தமிழ் பேசும் சிகிச்சையாளர் கிடைப்பாரா என்று விண்ணப்பத்துக்கு முன்பே விசாரியுங்கள்.

அனுமதி வருவதற்குள் காலம் கடந்துவிடவும் கூடும் என்பதால், கண்ணியச் சிகிச்சையைப் பற்றியும் மருத்துவரிடம் கேளுங்கள். வின்னிபெக்கைச் சேர்ந்த மனநல மருத்துவர் ஹார்வி சொச்சினோவ் உருவாக்கிய முறை இது. நோயாளி தம் வாழ்க்கையில் முக்கியமெனக் கருதுவதையும், பிள்ளைகளுக்குச் சொல்ல விரும்புவதையும் பேசப் பேசப் பதிவுசெய்து, எழுத்தாக்கித் திருத்தி அவரிடமே தருவார்கள். படுக்கையில் இருந்தபடியே ஓரிரு அமர்வுகளில் செய்துவிடலாம். அவர் தமிழிலேயே பேசலாம்.