குழந்தை அழுகிற படம்

குழு: காவேரிப்பட்டணம் வீடு

சனி இரவு

பிரபு (2:51): யாராவது விழித்திருக்கிறீர்களா?

பிரபு (2:53): பயப்பட ஒன்றுமில்லை. பாப்பா இப்போதுதான் தூங்கினாள். பன்னிரண்டரைக்கு ஆரம்பித்த அழுகை. தேனு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாள். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. அருண் முன்பு சொன்ன அந்தப் படத்தை இன்று பார்த்து முடித்தேன்.

அருண் (2:58): இரேசர்ஹெட்டா அண்ணா? அதை உங்கள் கல்யாணத்துக்கு முன்னால் சொன்னேன். இப்போது பார்க்கக் கூடாத படம் அது.

பிரபு (3:01): 89 நிமிடம்தான் என்று போட்டிருந்தது. மூன்று ராத்திரி துண்டு துண்டாகப் பார்த்தேன், சத்தத்தை நன்றாகக் குறைத்து. ஒரு இடத்தில் படத்தில் இருக்கிற குழந்தை அழுகிறதா, தொட்டிலில் இருக்கிற குழந்தை அழுகிறதா என்றே தெரியவில்லை. படத்தை நிறுத்தினேன். அழுகை நிற்கவில்லை.

அருண் (3:02): அண்ணா, போனை வைத்துவிட்டுப் படுங்கள். காலையில் பேசலாம்.

ஞாயிறு

பெரியம்மா (5:44): குழந்தை இருக்கிற வீட்டில் நடு ராத்திரியில் பேய்ப்படம் எதற்குக் கண்ணு? பச்சைப் பிள்ளை பயந்துகொள்ளும். இன்றைக்கே உப்பு மிளகாய் சுற்றிப் போடச் சொல்.

பிரபு (5:50): அதில் பேயே இல்லை பெரியம்மா.

பாலக்கோடு சித்தப்பா (6:10): பேய் இல்லாமல் என்ன பயம்? கதையைச் சொல் அருண்.

அருண் (6:22): 1977-இல் வந்த அமெரிக்கப் படம் சித்தப்பா. கறுப்பு வெள்ளை. டேவிட் லிஞ்ச் எடுத்த முதல் முழுநீளப் படம். ஹென்றி என்று ஒருவன், அச்சகத் தொழிலாளி. ஆலைகள் நிறைந்த ஊரில் ஒற்றை அறையில் இருக்கிறான். ஜன்னலைத் திறந்தால் எதிரே செங்கல் சுவர். அவன் பழகிய பெண்ணுக்குக் குழந்தை பிறந்துவிட்டது என்று பெண் வீட்டில் விருந்துக்குக் கூப்பிட்டுச் சொல்கிறார்கள். அது குழந்தைதானா என்பதே நிச்சயமில்லை என்கிறாள் பெற்றவள். பிறகு அந்த ஒற்றை அறையில் இவர்கள் இருவரும் அந்தக் குழந்தையும். உடம்பெல்லாம் கட்டுத்துணி, தலை மட்டும் வெளியே. மனிதக் குழந்தை மாதிரியே இருக்காது. பால் குடிக்காது, அழுகையை நிறுத்தாது. தூக்கமில்லாமல் நொந்துபோய் அவள் ஒரு ராத்திரி தன் அப்பா அம்மா வீட்டுக்கே போய்விடுகிறாள். அப்புறம் அவனும் குழந்தையும் மட்டும். முடிவைச் சொல்ல மாட்டேன். நல்ல முடிவு இல்லை.

பெரியம்மா (6:30): பிள்ளைக்கு என்ன பெயர்?

அருண் (6:31): கடைசி வரை பெயர் இல்லை பெரியம்மா.

பெரியம்மா (6:37): அதுதான். வசம்பைத்தான் நாம் ராத்திரியில் பெயர் சொல்லிக் கேட்க மாட்டோம், பேர் சொல்லாதது என்போம். பிள்ளையைப் பெயர் சொல்லாமல் வைப்பார்களா? நம் பாப்பாவுக்கும் 47 நாளாகியும் இன்னும் பெயர் வைக்கவில்லை. சம்பந்தியம்மாவுக்குக் கால் எலும்பு கூடட்டும் என்று தள்ளிக்கொண்டே போகிறீர்கள்.

பாலக்கோடு சித்தப்பா (6:49): எடுத்தவர் ஏன் அப்படி ஒரு குழந்தையைக் காட்டினார்?

அருண் (7:03): லிஞ்ச் 2025 ஜனவரியில் இறந்தார் சித்தப்பா, கடைசி வரை விளக்கம் சொல்லவில்லை. அந்தக் குழந்தையை எதைக் கொண்டு செய்தார் என்றுகூட வெளியே சொல்லவில்லை. ஆனால் அவருக்கு 22 வயதில், 1968-இல் மகள் பிறந்தாள். பிறவியிலேயே பாதம் உள்பக்கமாக வளைந்து இருந்தது, பல முறை அறுவை சிகிச்சை செய்தார்கள். அப்போது அவர் பிலடெல்பியாவில், ஆலைப் புகையும் சண்டையுமாக இருந்த பகுதியில் குடியிருந்தார். அந்த ஊரின் பயம்தான் படத்தில் இருக்கிறது என்று அவரே சொன்னதுண்டு. 1972-இல் படப்பிடிப்பைத் தொடங்கினார். பணம் தீர்ந்து தீர்ந்து நின்றது, முடிக்க ஏறக்குறைய ஐந்து வருடம் ஆனது. நடுவில் வீடு வீடாகப் பேப்பர் போட்டுச் சம்பாதித்தார். அந்த மகளும் பெரியவளாகிப் படம் இயக்கினார்.

பாலக்கோடு சித்தப்பா (7:11): 22 வயதில் அப்பா. அந்த வயதில் எனக்கு என் சைக்கிள் சாவியைப் பத்திரமாக வைத்துக்கொள்ளத் தெரியாது.

பென்னாகரம் அத்தை (7:20): படக்கதை இருக்கட்டும். பாப்பா ஏன் அப்படி அழுகிறாள்? உரமருந்து உரைத்து நாக்கில் தடவினீர்களா? வசம்பைச் சுட்டுத் தேனில் குழைத்து ஒரு சொட்டு கொடுத்துப் பார். இல்லாவிட்டால் கிரைப் வாட்டர்.

சுகன்யா அக்கா (8:16): இப்போதுதான் இரவுப் பணி முடிந்தது. எல்லாம் படித்தேன். அத்தை, வசம்பு வளையலைக் கையில் கட்டுங்கள், அதில் ஒன்றும் இல்லை. வாயில் எதையும் வைக்காதீர்கள். தேன், உரமருந்து, கிரைப் வாட்டர், தண்ணீர் எதுவும் வேண்டாம். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். அழுகைக்கு ஒரு கணக்கு இருக்கிறது: இரண்டாவது வாரத்தில் அதிகமாக ஆரம்பிக்கும், ஆறாவது வாரம் உச்சம், மூன்று நான்கு மாதத்தில் தானாகக் குறையும். பாப்பா இப்போது சரியாக அந்த உச்சத்தில் இருக்கிறாள். காய்ச்சல் இருந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

சுகன்யா அக்கா (8:18): பிரபு, பாப்பா சரி. நீ ஏன் மூன்று ராத்திரி அந்தப் படத்தைப் பார்த்தாய்?

பிரபு (8:41): நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் படத்தில் எப்போதும் ஒரு சத்தம் இருந்துகொண்டே இருக்கும். நீராவிக் குழாய், மின்சாரம், எங்கோ ஓடுகிற யந்திரம். பேசாத நேரத்திலும் இருக்கும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் அக்கா. ஓசூரில் இந்த வீட்டைப் பிடித்தபோது சிப்காட் பக்கம், கம்பெனிக்குப் பத்து நிமிடம் என்று சந்தோஷப்பட்டேன். ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவர். பூச்சுக்கூட இல்லாத செங்கல். அதைப் படத்தில் பார்த்தபோது உடம்பு சில்லிட்டது.

ஆனால் என்னைப் பிடித்தது அது இல்லை. அவன் கெட்டவன் இல்லை. குழந்தைக்கு உடம்பு சரியில்லாதபோது பக்கத்தில் உட்கார்ந்து ஆவி பிடிக்க வைக்கிறான், காய்ச்சல் பார்க்கிறான். அதே ஆள் அடுத்த நிமிடம் கதவைப் பார்க்கிறான், வெளியே போனால் போதும் என்று. கதவருகே போனதும் குழந்தை அழும். திரும்பி வருவான். நான் பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு ஹாலுக்கும் சமையலறைக்கும் நடக்கும்போது எத்தனையோ முறை கதவைப் பார்த்திருக்கிறேன். இதை யாரிடமும் சொன்னதில்லை. தவம் கிடந்து பெற்ற பிள்ளை என்று எல்லோரும் சொல்லும்போது எப்படிச் சொல்வது?

இன்னொன்று. அம்மா பத்து நாள் இருந்தார்கள், மாங்காய் இறக்குகிற நேரம் என்று போய்விட்டார்கள். அதைக் குறையாகச் சொல்லவில்லை. நாளையிலிருந்து எனக்கு இரவு ஷிப்ட். ஆறு ராத்திரி தேனு தனியாக. படத்தில் அவள் போய்விட்ட பிறகு அந்த அறை எப்படி இருந்ததோ, அதே அறையில் நான் தேனுவை விட்டுவிட்டுப் போகப் போகிறேன் என்று தோன்றியது. அதனால்தான் 2:51-க்கு யாராவது இருக்கிறீர்களா என்று கேட்டேன்.

தேன்மொழி (8:44): இந்தச் செய்தி நீக்கப்பட்டது

தேன்மொழி (8:47): இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சுகன்யா அக்கா (8:48): தேனு, எழுது. அழிக்காதே.

தேன்மொழி (8:59): சரி அண்ணி.

அந்தப் படத்தை நானும் பார்த்தேன். நான் தூங்குகிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டார். கண்ணை மூடிச் சத்தம் மட்டும் கேட்டேன், சில இடத்தில் திறந்து பார்த்தேன். அவள் ஒரு ராத்திரியாவது தூங்க வேண்டும் என்று கத்திவிட்டுக் கட்டிலுக்கு அடியில் இருக்கிற பெட்டியை இழுப்பாள். வராது. கட்டிலையே ஆட்டி ஆட்டி இழுப்பாள். எனக்கு அவள் மேல் கோபம் வரவில்லை. அவளோடு போய்விடலாம் என்று இருந்தது.

எனக்குப் பாப்பாவைப் பிடிக்கும். ஆனால் அவள் அழ ஆரம்பித்ததும் கை கால் நடுங்குகிறது. தூங்கும்போதும் அழுகிற மாதிரியே காதில் கேட்கிறது. போய்ப் பார்த்தால் தூங்கிக்கொண்டிருப்பாள். போன வாரம் யாரும் போன் செய்தால் எடுக்கவில்லை, எல்லோரும் பாப்பா எப்படி இருக்கிறாள் என்றுதான் கேட்பீர்கள், நன்றாக இருக்கிறாள் என்று சொல்ல வேண்டும். அம்மாவுக்குக் கால் அப்படி இருக்கும்போது அவரிடமும் சொல்ல முடியவில்லை. மன்னித்துவிடுங்கள் அத்தை.

அம்மா (9:02): என்னிடம் எதற்கம்மா மன்னிப்பு.

சுகன்யா அக்கா (9:06): தேனு, நேராகவே கேட்கிறேன். வேலையில் எல்லாத் தாய்மாரிடமும் கேட்பதுதான். உன்னையோ பாப்பாவையோ ஏதாவது செய்துவிடுவோமோ என்ற நினைப்பு வருகிறதா? இங்கே வேண்டாம் என்றால் எனக்குத் தனியாகச் சொல்.

தேன்மொழி (9:10): இல்லை அண்ணி. இங்கேயே சொல்கிறேன். ஓடிப்போக வேண்டும் போல இருக்கும். ஓடிப்போய் எங்காவது ஒரு இருட்டறையில் ஒரு நாள் முழுக்கத் தூங்க வேண்டும். அவ்வளவுதான்.

சுகன்யா அக்கா (9:31): சரி. சொன்னது நல்லது. பிரசவமான மூன்று நான்கு நாளில் காரணமில்லாமல் அழுகை வருவது பெரும்பாலான பெண்களுக்கு உண்டு, இரண்டு வாரத்தில் போய்விடும். உனக்கு ஏழு வாரம் ஆகப்போகிறது. அதனால் இதைத் தூக்கமில்லாத அலுப்பு என்று மட்டும் விட மாட்டேன். மனச்சோர்வாக இருக்கலாம். நம் மாதிரி நாடுகளில் பிரசவித்த பெண்களில் 100-க்கு ஏறக்குறைய 20 பேருக்கு மனநலப் பாதிப்பு வருகிறது என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்கிற கணக்கு. அதனால் நீ மோசமான தாய் என்று ஆகாது. பால் கொடுத்துக்கொண்டே எடுக்கக்கூடிய மருந்துகள் இருக்கின்றன, பேச்சு சிகிச்சை இருக்கிறது. புதன் எனக்கு விடுமுறை. நான் வந்து உன்னைக் கூட்டிப்போகிறேன். அதற்கு முன்னால் ராத்திரியில் மனது தாங்கவில்லை என்றால் 14416-க்குக் கூப்பிடு. டெலி மனஸ் என்கிற அரசு மனநல உதவி எண், 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம்.

பிரபு, உனக்கும் சேர்த்துத்தான். அப்பாக்களுக்கும் இது வரும். ஒன்றை மட்டும் மறக்காதே: அழுகை தாங்க முடியாமல் கோபம் வந்தால் பாப்பாவை மல்லாக்கப் பத்திரமாகப் படுக்க வைத்துவிட்டு ஐந்து நிமிடம் வெளியே போய் நில். அழட்டும், அதனால் ஒன்றும் ஆகாது. பிடித்து உலுக்கவே கூடாது. கழுத்து நிற்காத குழந்தைக்கு மூளையில் ரத்தம் கசிந்துவிடும்.

அருண் (10:15): பெரியம்மா என்னைப் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறார். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன்.

"தேனு கண்ணு, நான் பெரிய அத்தை பேசுகிறேன். என் அக்காவை நீ பார்த்ததில்லை. அவளுக்குத் தலைச்சன் பிள்ளை பிறந்த பத்தாம் நாள், இது என் பிள்ளை இல்லை, மாற்றி வைத்துவிட்டார்கள் என்றாள். ராத்திரி முழுக்கத் தூங்க மாட்டாள், சுவரைப் பார்த்துப் பேசுவாள். ஜன்னி கண்டுவிட்டது என்றார்கள், காத்துக் கருப்பு என்றார்கள். வேப்பிலை அடித்தார்கள். பிள்ளையைத் தூக்கி வேறு வீட்டில் வைத்தார்கள். வீட்டில் பதினாலு பேர் இருந்தோம். அவளிடம் யாரும் பேசவில்லை, அவளைப் பற்றித்தான் பேசினோம். நான் சின்னப் பெண், கதவிடுக்கில் பார்த்தேன். மார் கட்டி வலியில் அவள் சேலையைக் கடித்துக்கொண்டு இருந்தாள். மூன்று மாதத்தில் தெளிந்தாள். அப்புறம் நான்கு பிள்ளை பெற்று வளர்த்தாள். ஆனால் அந்தத் தலைச்சன் மகனை மட்டும் கடைசி வரை பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டாள், டேய் என்பாள். நாங்கள் சிரிப்போம். ஏன் என்று இன்றைக்குத்தான் கேட்கத் தோன்றுகிறது, அவள் இல்லை."

அருண் (10:16): பெரியம்மா அழுகிறார். தண்ணீர் கொடுத்திருக்கிறேன்.

சுகன்யா அக்கா (10:24): பெரியம்மா, அது காத்துக் கருப்பு இல்லை. ஆயிரத்தில் ஒன்றிரண்டு பேருக்கு வருகிற வியாதி. இன்றைக்கு வந்தால் அதே நாளில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டிய அவசரம், முறையாகப் பார்த்தால் குணமாகிவிடும். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் தாயையும் குழந்தையையும் பிரிக்காமல் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கிற பிரிவே 2009-இலிருந்து இருக்கிறது. அப்போது அந்தப் பெரியம்மாவுக்கு இதெல்லாம் கிடைக்கவில்லை.

பென்னாகரம் அத்தை (10:30): எனக்கும் இரண்டாவது பிரசவத்தில் இப்படித்தான் இருந்தது. தேனு மாதிரி. ஒருத்தரிடமும் சொன்னதில்லை. இதுதான் முதல் தடவை.

அம்மா (10:33): தம்பி, நாளைக்கு எத்தனை மணிக்கு நீ வேலைக்குப் போக வேண்டும்?

பிரபு (10:34): ராத்திரி ஒன்பதே முக்காலுக்கு வீட்டிலிருந்து கிளம்ப வேண்டும் அம்மா.

அம்மா (10:36): நான் இன்றைக்கே வருகிறேன்.

பிரபு (10:37): பெங்களூரா மாங்காய் இரண்டு லோடு கூழ் ஆலைக்குப் போக வேண்டும் என்றீர்களே.

பாலக்கோடு சித்தப்பா (10:41): லோடை நான் பார்த்துக்கொள்கிறேன். அண்ணி, ஆட்களுக்குக் கூலிக் கணக்கு எழுதின நோட்டை மட்டும் திண்ணையில் வைத்துவிட்டுப் போங்கள்.

பெரியம்மா (10:45): நானும் வருகிறேன். ஒரு வாரம் அவள், ஒரு வாரம் நான். மாற்றி மாற்றி மூன்று மாதம் முடிகிற வரை.

சுகன்யா அக்கா (10:48): வருகிறவர்கள் பாப்பாவைப் பார்க்க மட்டும் வராதீர்கள். சமையல், துணி, ராத்திரி பாப்பாவைத் தோளில் போட்டு நடப்பது, இதெல்லாம் உங்கள் பொறுப்பு. தேனு பால் கொடுக்க மட்டும் எழுந்தால் போதும். போனதும் பாப்பா இளைத்துவிட்டாள், பால் போதவில்லை என்று யாராவது சொன்னால் நான் அங்கேயே சண்டை போடுவேன்.

பெரியம்மா (10:50): சொல்ல மாட்டோம் தாயே.

அருண் (1:25): கிருஷ்ணகிரி பேருந்து நிலையத்தில் இருவரையும் ஏற்றிவிட்டேன். ஒரு பை பூண்டு, ஒரு பை பழைய வேட்டித் துணி, பழுத்த மாம்பழம் ஒரு பெட்டி.

அம்மா (2:22): சூளகிரி தாண்டிவிட்டோம்.

பிரபு (3:20): வந்துவிட்டார்கள். தேனு உள் அறையில் படுத்திருக்கிறாள். பெரியம்மா ஜன்னலுக்குப் பழைய வேட்டியைக் கட்டித் திரை போட்டுவிட்டார்கள், சுவர் தெரியவில்லை.

தேன்மொழி (9:38): இப்போதுதான் எழுந்தேன். இரண்டு தடவை பால் கொடுத்தது கனவு மாதிரி இருக்கிறது. பாப்பா சத்தமே இல்லையே?

அம்மா (9:39): ஹாலில் என் மடியில் இருக்கிறாள். முழித்துக்கொண்டுதான் இருக்கிறாள், மின்விசிறியைப் பார்க்கிறாள். நீ படு.