1923 ஜென்னெட் இசைத்தட்டுக்கு எந்த ஊசி, எந்த வேகம்?

கிங் ஆலிவரின் கிரியோல் ஜாஸ் பேண்ட் 1923இல் ஜென்னெட் இசைத்தட்டு நிறுவனத்துக்காகப் பதிந்த ஷெல்லாக் (அரக்கு) தட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. மைக் வருவதற்கு முந்தைய பதிவு. ஒலியை வாங்கும் கூம்புக் குழாய்க்கு முன்னால் நின்று வாசித்தது. இரண்டாவது கார்னெட் (டிரம்பெட் போன்ற ஊதுகருவி) வாசிப்பது இளம் லூயி ஆம்ஸ்ட்ராங்!

எல்பி (பின்னாளில் வந்த, குறுகிய பள்ளமுள்ள இசைத்தட்டு) ஊசியில் போட்டால் ஒரே இரைச்சல். ஊசி பள்ளத்தின் அடியைப் போய் உரசுகிறது. 3 மில் (ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஊசி வாங்கச் சொல்கிறார்கள். கொஞ்சம் தேய்ந்த தட்டுக்கு அதுவே போதுமா, இன்னும் தடிமனாக வேண்டுமா?

அப்புறம் வேகம். அந்தக் காலத் தட்டுகள் எல்லாமே துல்லியமாக நிமிடத்துக்கு 78 சுற்றில் ஓடுபவை அல்லவே. இதில் சுருதி எதிலும் ஒட்டாமல் நிற்கிறது. பியானோ வைத்துச் சரிபார்த்தவர்கள் எந்த வேகத்தில் ஓட்டுகிறீர்கள்?

கணினியில் இரைச்சலை வழித்தெடுக்கும் யோசனை மட்டும் வேண்டாம், இதே குழுவில் வாசிக்கும் ஜானி டாட்ஸின் கிளாரினெட்டும் கூடவே போய்விடும்.