அவசரம்: தறி கவுன்ட்டர் டேட்டாவுக்கு ஜேசனா, மெசேஜ்பேக்கா, வேற ஏதாவதா?

சோமனூர்_தறி | இரவு 9.12
வணக்கம்ங்க. தறி கவுன்ட்டர் டேட்டாவை போர்டுல இருந்து சர்வருக்கு ஜேசன்ல (எழுத்தாவே அனுப்பற டேட்டா ஃபார்மேட்) அனுப்பிட்டு இருந்தேன். சிம் டேட்டா சீக்கிரம் தீருதுன்னு மெசேஜ்பேக்குக்கு (அதையே சுருக்கி பைனரி பைட்டா அனுப்பறது) மாத்துனேன். இப்ப நெசவாளர் பேரே ஒழுங்கா வர மாட்டேங்குது. ஸ்கிரீன்ல ஒரு தறி கணக்கு பக்கத்துத் தறில போய் விழுது. மெசேஜ்பேக்கை நம்பலாமா? நல்ல லைப்ரரி இருக்கற ஃபார்மேட் ஒண்ணு சொல்லுங்க. காலைல ஓனருக்குக் காட்டணும்.

நெல்லை_நிரல் | 9.20
எந்த போர்டு? சர்வர்ல என்ன மொழி? லைப்ரரி பேர், வெர்ஷன்? பேர் காலியா வருதா, கட்டம் கட்டமா வருதா, எர்ரர் அடிக்குதா? இது தெரியாம எதையும் சொல்ல முடியாதுங்க.

வைகை88 | 9.24
ப்ரோ, யோசிக்காம புரோட்டோபஃப் போங்க. 2008-லயே கூகுள் வெளியிட்ட பைனரி ஃபார்மேட். சின்ன போர்டுக்கு அதோட லைப்ரரி நானோபிபி இருக்கு. எந்த ஃபீல்டு என்ன வகைன்னு முன்னாடியே எழுதி வச்சிடறதால இந்தக் குழப்பமே வராது. ஒரே விதி, ஒரு தடவை கொடுத்த ஃபீல்டு எண்ணை வேற எதுக்கும் திருப்பிக் கொடுக்கக் கூடாது.

தமிழ்மாறி | 9.31
நாளைக்கு டெமோ வச்சிருக்கவரை இன்னைக்கு ராத்திரி ஸ்கீமா (ஃபீல்டு வகைப் பட்டியல்) எழுதச் சொல்றீங்களே. மெசேஜ்பேக் பிடிக்கலைன்னா அதே மாதிரி இன்னொரு பைனரி ஃபார்மேட், சீபோர் எடுங்க. 2013-ல இணையத் தர ஆவணம் ஆர்எஃப்சி 7049, 2020-ல அதைத் திருத்தி 8949. பாஸ்கீ (பாஸ்வேர்டு இல்லாம லாகின் பண்ற சாவி) பதிவு பண்றப்ப உள்ள ஓடுறதும் சீபோர்தான்.

மூத்தநிரலன் | 9.40
ஸ்கீமாவோடு பைனரியில் அனுப்புவதை 1984-லேயே ஏஎஸ்என்.1 என்ற தரம் செய்துவிட்டது. இணையதளங்களின் அடையாளத்தைக் காட்டும் எக்ஸ்.509 சான்றிதழ்கள் இன்றும் அதில்தான் இருக்கின்றன. அடிப்படையைப் படிக்காமல் வாரம் ஒரு ஃபார்மேட் மாற்றுபவர்களுக்கு எந்த லைப்ரரியும் உதவாது, தம்பி.

சோமனூர்_தறி | 9.58
சாரிங்க, வண்டில இருந்தேன். போர்டு ஈஎஸ்பி32, அதுல லைப்ரரி ஆர்டுயினோஜேசன் 6. சர்வர் பைத்தான் 3. அங்க முதல்ல கீ எர்ரர் (அந்தச் சாவி இல்லைன்னு) வந்துச்சு, சாவிக்கு முன்னாடி பி (பைட்டுன்னு குறி) போட்டதும் ஓடுச்சு. பேரை பிரவுசருக்கு ஜேசன்ல அனுப்ப முடியலைன்னு ஸ்ட்ரிங்கா மாத்துனேன். இப்ப பேர் இருக்கற இடத்துல எக்ஸ்ஈ0 எக்ஸ்ஏஇன்னு வரிசையா ஓடுது. 13-ம் தறி கணக்கு 12-ல விழுது. 12, 16, 20 சரியா இருக்கு.

நெல்லை_நிரல் | 10.15
இப்ப தெளிவாயிடுச்சு. ரெண்டும் வேற வேற கோளாறு.

பேர்: ஈ0 ஏஇ, ஈ0 ஏஎஃப் ரெண்டும் யூடிஎஃப்-8ல (யூனிகோடு எழுத்தை பைட்டாக்கற முறை) தமிழ் எழுத்தோட முதல் ரெண்டு பைட். அதாவது டேட்டா பத்திரமா வந்து சேர்ந்திருக்கு, யாரும் அதைத் திறந்து எழுத்தாக்கல. மெசேஜ்பேக்ல ஆரம்பத்துல எழுத்துக்கும் வெறும் பைட்டுக்கும் ஒரே வகைதான். 2013-ல ரெண்டாப் பிரிச்சாங்க. பைத்தான் லைப்ரரி பழைய நிரல் உடையக் கூடாதுன்னு 1.0 வரைக்கும் எல்லாத்தையும் பைட்டாவே கொடுத்துச்சு. உங்க போர்டு புதுசு பேசுது, சர்வர் பழசு பேசுது. வெர்ஷன் பாருங்க, 1.0க்குக் கீழ இருந்தா ஏத்துங்க. ஏத்தினதும் அந்த பி, ஸ்ட்ரிங் மாத்தல் ரெண்டையும் எடுத்துடுங்க.

தறி: ஷிப்டு ஐடி எப்படிப் போடறீங்க? தேதி, நேரம், தறி எண் சேர்த்து 17 இலக்கமா?

சோமனூர்_தறி | 10.19
ஆமாங்க, அதேதான். எப்படிக் கண்டுபிடிச்சீங்க?

நெல்லை_நிரல் | 10.27
4-ஆல வகுபடற தறி மட்டும் சரியா வருதுன்னீங்களே. ஜாவாஸ்கிரிப்ட் எண் 9007199254740991 வரைக்கும்தான் துல்லியம். உங்க ஐடி அதைத் தாண்டுது. 200 கோடி கோடி அளவுக்குப் போயிட்டா 4-ன் மடங்கு மட்டுமே நிக்கும், 13 போய் 12-ல ஒட்டிக்கும். இது ஜேசன்லயும் வரும். 2010-ல ட்விட்டருக்கே இந்தச் சிக்கல் வந்து, ஐடியை எழுத்தாவும் சேர்த்து அனுப்ப ஆரம்பிச்சாங்க. நீங்களும் ஐடியை மேற்கோளுக்குள்ள வச்சு ஸ்ட்ரிங்கா அனுப்புங்க.

இன்னொண்ணு, போர்டுல இருந்து பேரை ஏன் அனுப்பணும்? ஓரெழுத்துச் சாவி வச்சு தறி 12, பிக் (ஊடை எண்ணிக்கை) 48210, முருகன்னு ஒரு பதிவு ஜேசன்ல 46 பைட், மெசேஜ்பேக்ல 33. அதுல 21 பைட் பேர் மட்டும். பேருக்குப் பதிலா நெசவாளர் எண் 31-ன்னு அனுப்பினா ஜேசனே 25 பைட்தான். ஃபார்மேட் மாத்தி மிச்சம் பிடிச்சதைவிட இதுல அதிகம்.

தமிழ்மாறி | 10.41
இதுக்குத்தான் தமிழ் எழுத்து ஒவ்வொண்ணுக்கும் ஒரே குறி வைக்கற டேஸ்16 வேணும்ங்கறேன். யூனிகோடுல முருகனுக்கு ஏழு குறி, டேஸ்ல மு, ரு, க, ன்னு நாலுதான். 2010-ல தமிழ்நாடு அரசே யூனிகோடோட சேர்த்து அதையும் ஏத்துக்கிச்சு.

மூத்தநிரலன் | 10.50
அது யூனிகோடு எந்த எழுத்தையும் ஒதுக்காமல் விட்ட தனிப் பயன்பாட்டுப் பகுதியில் இருக்கிறது. நீங்கள் அனுப்புவதை எதிர்முனை எழுத்தாகவே அறியாது.

தமிழ்மாறி | 10.56
அறிய வைக்கலாம் சார். நம்ம எழுத்தை நாலா எண்ணாம ஏழா எண்ணுறதை ஏன் ஒத்துக்கணும்?

நெல்லை_நிரல் | 11.04
மாறி, ஆசை எனக்கும் உண்டு. ஆனா இவர் போர்டு, பைத்தான், பிரவுசர் மூணுலயும் அதைத் தானா திறக்கற லைப்ரரி வேணும். இன்னைக்கு யூனிகோடுக்குத்தான் அது இருக்கு. இதைத் தனி இழையில பேசலாம்.

வைகை88 | 11.10
நான் இன்னும் புரோட்டோபஃப்னுதான் சொல்வேன்.

சோமனூர்_தறி | 11.48
0.5.6 இருந்துச்சுங்க. ஏத்திட்டேன், முருகன் முருகனாவே வர்றார். ஐடியும் மாத்தியாச்சு, 13 அதோட இடத்துல இருக்கு. ரொம்ப நன்றிண்ணா. தூங்கப் போறேன்.

நெல்லை_நிரல் | 11.52
சந்தோஷம். சர்வர்ல அந்த வெர்ஷனை பூட்டி வைங்க, வேற மெஷினுக்கு மாத்துறப்ப பழசு வந்து உட்கார்ந்துடும். பேரை எடுத்துட்டு எண் மட்டும் அனுப்பறீங்களா?