புதுப்பிப்பு: குளிர்ந்த காலையில் உயிர் பெறாத டிவி – காரணம் கெப்பாசிட்டர்

குன்னூரில் எங்கள் வீட்டு 32 அங்குல எல்இடி டிவியில் சிவப்பு விளக்கு மட்டும் எரிகிறது, திரை வருவதில்லை என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி. டிவி இப்போது ஓடுகிறது.

ரிமோட் பேட்டரியை மாற்றியதும், வேறு பிளக்கில் செருகியதும் பலன் தரவில்லை. குளிர்ந்த காலையில் மட்டும்தான் தகராறு செய்கிறதா என்று ஒருவர் கேட்டதே வழிகாட்டியது. அவர் சொன்னபடி, பின்பக்கக் காற்றுத் துளைகளில் ஹேர் டிரையரால் ஐந்து நிமிடம் மிதமான சூடு காட்டியதும் திரை வந்துவிட்டது. மெக்கானிக் பின்மூடியைக் கழற்றியபோது, டிவிக்கு மின்சாரம் பிரித்துத் தரும் பவர் போர்டில் இருந்த 1000 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் கெப்பாசிட்டர்கள் (மின்னேற்றத்தைச் சேமிக்கும் சிறு உருளைகள்) இரண்டின் தட்டையான தலைகள் இட்லி போல் உப்பியிருந்தன. உள்ளிருக்கும் திரவம் உலர்ந்துபோன கெப்பாசிட்டரின் உள்தடை குளிரில் மேலும் கூடுவதால்தான் காலையில் மட்டும் இந்த மௌனம். 105 டிகிரி தாங்கும் புதியவற்றை அவர் பற்றவைத்தார். (பிளக்கைப் பிடுங்கிய பின்னும் பெரிய 450 வோல்ட் கெப்பாசிட்டரில் மின்னேற்றம் தங்கியிருக்கும், பழக்கமில்லாதவர்கள் திறக்க வேண்டாம்.)

நான் எதிர்பாராதது ஒன்று: படத்தையும் ஒலியையும் கையாளும் மெயின் போர்டையே மாற்ற வேண்டும் என்று முன்பு ஒரு கடையில் அடித்துச் சொன்னார்கள், அதில் எந்தக் குறையும் இல்லை. மூன்று வாரமாக, மூடுபனி இறங்கிய விடியற்காலையிலும் முதல் அழுத்தலிலேயே திரை வருகிறது.