விடுமுறை வீட்டில் தெரியவந்த ரகசியம்: முதலில் யாரிடம் பேசுவது?

அனைவருக்கும் வணக்கம். விடுமுறைக்காக அண்ணன், அக்கா குடும்பங்களுடன் ஒரே வீட்டில் தங்கியிருக்கிறோம். இன்னும் 4 நாள்கள் இருக்கின்றன. அப்பாவின் மூக்குக்கண்ணாடியைத் தேடி இழுப்பறையைத் திறந்தபோது, அண்ணனின் கடனுக்கு அவர் ஜாமீன் கையெழுத்திட்ட பத்திரத்தின் நகலையும், தவணை தவறியதால் வங்கி அவருக்கு அனுப்பிய அறிவிப்பையும் பார்த்துவிட்டேன். வாங்கியவர் கட்டத் தவறினால் ஜாமீன்தாரரிடம் வங்கி பணம் கேட்கலாம் என்பதால், அண்ணனின் சொந்த விஷயம் என்று என்னால் ஒதுங்க முடியவில்லை. அம்மாவுக்கு எதுவும் தெரியாது. பணப் பேச்சு எழும்போதெல்லாம் அப்பா தண்ணீர்க் குவளையை எடுத்து, குடிக்காமலே வைத்துவிடுகிறார். அக்காவோ, அண்ணன் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று மனம் வெதும்பியிருக்கிறார். பிள்ளைகள் முன்னிலையில் இது வெடித்துவிடக் கூடாது என்பதே என் பெருங்கவலை. அப்பாவைத் தனியே அழைத்துக் கேட்பதா, அண்ணனிடம் முதலில் பேசுவதா? இந்நிலையைக் கடந்தவர்கள், பேச்சை எப்படித் தொடங்கினீர்கள் என்று தயவுசெய்து எழுதுங்கள்.