வங்கியில் பணம் இருந்தது, வாடகைக்கு இல்லை

தொழிலாளர் வரலாற்று ஆவணங்களைச் சேர்த்து வைக்கும் ஒரு சிறிய காப்பகத்தில் ஆறு வருஷம் பொருளாளராக இருந்தேன். சம்பளம் வாங்குபவர் ஒரே ஒருவர், மற்ற எல்லாரும் தன்னார்வலர்கள்.

மூன்றாம் வருஷம் பெரிய மானியம் ஒன்று கிடைத்தது. வேலைநிறுத்தத்தில் நின்றவர்களின் குரல் பதிவான பழைய ஒலிநாடாக்களைக் கணினிக்கு மாற்றுவதற்கு மட்டும்தான் அந்தப் பணம். வாடகைக்கும் மின்கட்டணத்துக்கும் அதில் கை வைக்கக் கூடாது. வங்கி இருப்பைப் பார்த்து நிர்வாகக் குழு நிம்மதியாக இருந்தது. நான் உட்கார்ந்து மானியத்தை ஒரு பத்தியிலும் பொது நிதியை இன்னொரு பத்தியிலும் பிரித்து எழுதிக் காட்டினேன். பொது நிதி இரண்டு மாத வாடகைக்குக்கூடத் தேறவில்லை. அன்று கூட்டத்தில் யாரும் பேசவில்லை.

அதே வாரம் ஒரு பெட்டியைத் திறந்தால் குப்பென்று வினிகர் வாடை. அசிடேட் என்ற பிளாஸ்டிக்கால் ஆன பழைய நாடா கெட்டுப்போகும்போது, வினிகரில் இருக்கும் அதே அசிட்டிக் அமிலம் வெளியாகும். அந்த அமிலமே சிதைவை மேலும் வேகப்படுத்தும், பக்கத்தில் இருக்கும் நாடாக்களையும் கெடுக்கும். குளிர்ந்த, ஈரப்பதம் குறைந்த அறையில் வைத்தால் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். ஆனால் அறையைக் குளிர்விக்கும் மின்சாரத்துக்குப் பொது நிதியிலிருந்துதான் கட்ட வேண்டும்.

அந்த வருஷத்தை நாங்கள் தாண்டியது ஓய்வுபெற்ற தொழிலாளர்கள் கொடுத்த சந்தாவால்தான். ஒரு பெரியவர் மாதம் தவறாமல் நேரில் வருவார். ரசீதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "எங்க சங்கத்து மினிட் புக் பத்திரமா இருக்கா தம்பி?" என்று கேட்பார். எடுத்துக் காட்டினால்தான் கிளம்புவார். சின்னத் தொகைதான், ஆனால் எதற்கு வேண்டுமானாலும் செலவழிக்கலாம். அதன் அருமை கணக்கு எழுதுபவனுக்குத்தான் தெரியும்.

அதன்பிறகு எந்த மானியம் கேட்டாலும் வாடகை, மின்சாரம், தணிக்கைச் செலவில் ஒரு பங்கைச் சேர்த்தே விண்ணப்பித்தோம். ஓரிடத்தில் மறுத்தார்கள். இன்னோரிடத்தில் கேள்வி கேட்காமலே கொடுத்தார்கள். முன்பே கேட்டிருக்கலாம்.

*

(மேலே உள்ள பதிவுக்கு இன்னொரு காப்பகத்திலிருந்து வந்த பதில்) உங்கள் பதிவைப் படித்ததும் எங்கள் காப்பகத்தின் நெருக்கடி ஞாபகம் வந்தது. வாடகை பாக்கி ஏறியிருந்த நேரத்தில் ஒரு சேகரிப்பாளர் வேலைநிறுத்தச் சுவரொட்டிகளை விலைக்குக் கேட்டார். கொடுத்த குடும்பங்கள் விற்பதற்காகக் கொடுக்கவில்லையே என்று மறுத்துவிட்டோம். 1935இல் ஆம்ஸ்டர்டாமில் தொழிலாளர் இயக்க ஆவணங்களைச் சேர்க்கும் சர்வதேச சமூக வரலாற்று நிறுவனம் தொடங்கியபோது, தொழிலாளர் இயக்கத்தோடு சேர்ந்த ஒரு காப்பீட்டு நிறுவனம் பின்னால் நின்றது. 1938இல் மார்க்ஸ், எங்கெல்ஸ் கையெழுத்துப் பிரதிகளை வாங்க முடிந்ததும் அந்தப் பலத்தில்தான். எங்களுக்கு அப்படி யாரும் இல்லை. சங்கம் சங்கமாக ஏறி இறங்கி, ஏழு தவணையில் பாக்கியை அடைத்தோம்.