சின்னத்துரை குடும்பம்: யூலை 1 ஒன்றுகூடல்

கனகு மாமா: எல்லாருக்கும் வணக்கம். யூலை 1 பார்க் ஒன்றுகூடலுக்குப் பொது அறிவுக் கேள்வி இந்த முறையும் நான்தான் தயாரிக்கிறன். தலைப்பு கனடா. 1867 யூலை 1, ஒன்ராறியோ, கியூபெக், நோவா ஸ்கோஷியா, நியூ பிரன்ஸ்விக் நாலும் சேர்ந்துதான் இந்த நாடு தொடங்கினது. அண்டைக்கு இறைச்சி வாட்டிச் சாப்பிட்டுட்டு மட்டும் வாறது சரியில்லை. பிள்ளையளுக்கு நாலு விசயம் தெரியவேணும்.

ரஞ்சி அக்கா: எத்தினை மணிக்கு மாமா

துவாரகன்: எந்த பார்க்

ஜெயா பெரியம்மா: கேள்வியை ஆரும் கேக்கலாம். மார்க் போடுறது ஆர்?

சிவா அண்ணா: தொடங்கீட்டுது 😂

ஜெயா பெரியம்மா: சிரியாதை சிவா. போன வருசம் ரொறன்ரோ யங் தெருதான் உலகத்திலேயே நீளமான தெரு எண்ட உன்ர மகனுக்கு டிம் ஹோர்ட்டன்ஸ் கோப்பிக்கடைக் கார்ட். இல்லையெண்ட கவினுக்கு முட்டை. பிள்ளை கார் ஏறுமட்டும் அழுதவன்.

கனகு மாமா: அக்கா, அது கின்னஸ் புத்தகத்தில இருந்த விசயம். 1,896 கிலோமீற்றர் எண்டு போட்டிருந்தவை.

ரஞ்சி அக்கா: இருந்தது மாமா. நெடுஞ்சாலை 11ஐயும் சேர்த்துக் கணக்குப் பாத்தபடியால்தான் அவ்வளவு நீளம். 1999க்குப் பிறகு எடுத்துட்டினம். கவின் அதைத்தான் சொன்னவன்

கனகு மாமா: அந்தக் கேள்வி இந்த முறை இல்லை.

ஜெயா பெரியம்மா: கார்ட்?

மணி மாமி: ரோல்ஸ் ஆர் செய்யிறது? போன முறை மாதிரி எல்லாரும் கட்லட் கொண்டுவந்து நிக்காதையுங்கோ

சிவா அண்ணா: அம்மா பீட்சா ஓடர் பண்ணுவம். அன்னாசி போட்டது

மணி மாமி: உவ்வே. அது ஒரு சாப்பாடோ

கனகு மாமா: அப்பிடிச் சொல்லக்கூடாது. அன்னாசி பீட்சாவுக்கு ஹவாய் எண்டு பெயர் இருந்தாலும் அது பிறந்தது இங்க, ஒன்ராறியோ சாத்தம் நகரத்தில. 1962. செய்தவர் சாம் பனோபுலஸ், கிரேக்க நாட்டில இருந்து வந்து குடியேறினவர். இத்தாலிச் சாப்பாட்டில ஒரு கிரேக்கர் ரின் அன்னாசியைப் போட்டு ஹவாய் எண்டு பெயர் வைச்சிருக்கிறார். கனடாவை ஒரு தட்டில காட்டுறதெண்டால் இதைக் காட்டலாம். 7ஆம் கேள்வி இதுதான்.

துவாரகன்: மாமா விடையைக் குறூப்பிலயே போட்டுட்டீங்கள்

கனகு மாமா: பரவாயில்லை, வாசிச்சு வைக்கட்டும். அதுக்குத்தானே செய்யிறன்.

மணி மாமி: ரோல்ஸ்??

ரஞ்சி அக்கா: நான் 50 செய்யிறன். மட்டன்

அபி: எனக்கு மரக்கறி ப்ளீஸ்

துவாரகன்: மாமா நான் ஒரு கேள்வி கேக்கட்டே. கனடாவில எத்தினை பருவம்?

கனகு மாமா: நாலு.

துவாரகன்: ரெண்டு. ஒண்டு பனிக்காலம். மற்றது ரோட்டுத் திருத்திற காலம்

சிவா அண்ணா: நெடுஞ்சாலை 401ல நிண்டுகொண்டுதான் இதை வாசிக்கிறன்

ரஞ்சி அக்கா: கார் ஓடேக்க போனைப் பாக்காதை

சிவா அண்ணா: ஓடினாத்தானே

கனகு மாமா: நல்ல பகிடி. ஆனா இதுக்கு விடை சொல்லுங்கோ பாப்பம். கனடாவுக்குத் தரை எல்லை எத்தினை நாட்டோட?

அபி: 1. அமெரிக்கா

கனகு மாமா: 2. மற்றது டென்மார்க். கிரீன்லாந்துக்கும் எங்கட எல்ஸ்மியர் தீவுக்கும் நடுவில ஹான்ஸ் எண்டொரு கல்லுத் தீவு. ஒரு சதுர கிலோமீற்றர் சொச்சம், ஒரு சனம் இல்லை. 1984இல இருந்து ரெண்டு பக்கமும் மாறி மாறிப் போய்த் தங்கட கொடியை நட்டு ஒரு போத்தலும் வைச்சுட்டு வருவினம். கனடாக்காரர் விஸ்கி, டென்மார்க்காரர் ஷ்னாப்ஸ். ஒரு வெடிச்சத்தம் கேக்கேல்லை. 2022 யூன் 14 தீவை ரெண்டாப் பிரிச்சு ஒப்பந்தம் எழுதியாச்சு. எங்கட ஊர் வேலிச் சண்டையை இப்பிடிப் பிடிச்சிருந்தால் எத்தினை குடும்பம் பிரியாமல் இருந்திருக்கும்.

ஜெயா பெரியம்மா: ஓம் கனகு. அவையளே முடிச்சிட்டினம். கோண்டாவில் காணி வேலி இன்னும் அப்பிடியே கிடக்கு.

கனகு மாமா: அக்கா அது நாங்கள் தனியாக் கதைப்பம்.

சிவா அண்ணா: பெரியம்மா வேலியடியில ஒரு போத்தல் வைச்சுப் பாருங்கோ

மணி மாமி: சிவா! அம்மம்மாவும் இந்தக் குறூப்பில இருக்கிறா

மணி மாமி: லட்டும் செய்யட்டோ

ரஞ்சி அக்கா: மாமாவுக்கு சுகர் எல்லே

கனகு மாமா: நல்ல இடத்தில ஞாபகப்படுத்தினாய். இன்சுலினை வேறாக்கி எடுத்தது ரொறன்ரோவில. பான்ரிங்கும் பெஸ்டும் 1921இல தொடங்கினவை. 1922 தை மாதம் லெனார்ட் தொம்சன் எண்ட 14 வயசுப் பொடியனுக்குத்தான் முதல் ஊசி. காப்புரிமையை ஒரு டொலர் காசுக்குப் பல்கலைக்கழகத்துக்குக் குடுத்துட்டினம். நான் காலமை ஊசி போடேக்க அவையளை நினைக்கிறனான்.

மணி மாமி: நினைச்சுப்போட்டு லட்டில கை வையாதையுங்கோ

துவாரகன்: 😂😂

கனகு மாமா: கடைசிக் கேள்விக்கு 10 மார்க். 1986 ஓகஸ்ட் 11, நியூஃபவுண்ட்லாந்துக் கடலில ரெண்டு உயிர்காப்புப் படகில தத்தளிச்ச தமிழர் எத்தினை பேர்? விடை 155.

ஜெயா பெரியம்மா: கனகு, பாலாவைக் கேட்டனியே?

ரஞ்சி அக்கா: மாமா அதை எடுங்கோவன்

கனகு மாமா: பிள்ளையளுக்குத் தெரியவேண்டாமே? எங்கட வீட்டில இருக்கிற சரித்திரம் அது.

ஜெயா பெரியம்மா: வீட்டில இருக்கிற ஆளை எல்லே முதல் கேக்கவேணும்

பாலா சித்தப்பா: 👍

சிவா அண்ணா: சித்தப்பா இது ஓமோ இல்லையோ

பாலா சித்தப்பா: போடு மச்சான். எத்தினை பேர் எண்டு கேக்காதை. கப்டன்ர பெயரைக் கேள். ஒரே மூடுபனி. மீன்பிடிப் படகு கிட்ட வரேக்கதான் தெரிஞ்சுது. எங்களைக் கண்டிட்டு மற்றப் படகுகளையும் கூப்பிட்டார். எனக்கு ஒருத்தர் கம்பளிச் சட்டை தந்தவர், மீன் வெடில். குளிருக்கு அது கழட்ட மனம் வரேல்லை.

அபி: கஸ் டோல்டன்

பாலா சித்தப்பா: ஓம் பிள்ளை

துவாரகன்: சித்தப்பா அந்தக் கேள்வியை நீங்களே கேளுங்கோவன்

பாலா சித்தப்பா: பாப்பம்

கனகு மாமா: அபிக்கு 10 மார்க் இப்பவே.

ஜெயா பெரியம்மா: போட்டி தொடங்க முதலே மார்க்கோ? இந்த முறை ரஞ்சி மார்க் போடட்டும்

ரஞ்சி அக்கா: அம்மா நான் ரோல்ஸ் பொரிக்கோணும்

துவாரகன்: எந்த பார்க் எண்டு இன்னும் ஒருத்தரும் சொல்லேல்லை

சிவா அண்ணா: தொம்சன் பார்க் எண்டுதான் நினைச்சன். பெர்மிற் ஆர் எடுத்தது

மணி மாமி: கனகு எடுத்தவர் எண்டு ஜெயா அக்கா சொன்னவ

ஜெயா பெரியம்மா: நான் எங்க சொன்னனான்??

கனகு மாமா: நாளைக்குக் கோல் பண்ணிக் கேக்கிறன். ஐஸ் பெட்டி ஆரிட்டை இருக்கு?